சாவியைக் கொடுத்தவரை ஏன் யாரும் கேட்கவில்லை?

போன வாரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பதினாறு வயதுப் பையன் ஓட்டிவந்த பைக் ரோட்டோரம் பூ விற்கிற அம்மாவை இடித்ததை நான் திரும்ப விளக்கப் போவதில்லை. வீடியோவை எல்லாரும் பார்த்தாயிற்று. நேற்று நான் எழுதிய நாலு வரிக்குக் கீழே வந்த கருத்துகளைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்த நீளப் பதிவு.

"பாவம், படிக்கிற பையன், கேஸ் அது இதுன்னு போனா எதிர்காலமே போயிடும்." இதைத்தான் ஆளாளுக்கு வேறு வேறு வார்த்தையில் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "அந்தம்மா எதுக்கு ரோட்டோரத்துல கடை போட்டாங்க?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு லைக் வேறு. தலையில் அடிபட்டு ஐசியூவில் கிடப்பது அந்தப் பூக்காரம்மா. அவருடைய எதிர்காலத்தைப் பற்றி ஒரு கருத்திலும் ஒரு வார்த்தை இல்லை. பூ விற்கிறவருக்கு எதிர்காலம் கிடையாதா?

நான் கேட்டது ஒன்றே ஒன்று. பையனைத் தூக்கி உள்ளே போடுங்கள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை, நேற்றைய பதிவைப் போய்ப் படித்துப் பாருங்கள். பதினாறு வயதுப் பையன் கையில் 200 சிசி வண்டியின் சாவி எப்படி வந்தது, அதைக் கொடுத்தவர் பதில் சொல்ல வேண்டாமா என்றுதான் கேட்டேன். அதற்குத்தான் இவ்வளவு கோபம்.

இது என் சொந்தக் கருத்தும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளி. மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுவரை லைசென்ஸ் கிடையாது. பெற்றோருக்குத் தெரிந்துதான் நடந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரியாது, நான் தடுக்கப் பார்த்தேன் என்றால் அதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். பையன் விஷயத்தை, பதினெட்டு வயது ஆகாதவர்களின் வழக்கை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமம் தனியாகப் பார்த்துக்கொள்ளும். அதாவது பையனின் எதிர்காலத்தைப் பற்றிச் சட்டம் யோசித்துவிட்டது. யோசிக்காமல் சாவியைக் கொடுத்தவரைத்தான் அது பிடிக்கச் சொல்கிறது.

2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு பேர் இறந்தார்கள். இறந்த இருவரும் பைக்கில் போனவர்கள். விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்று சொல்லி அந்தப் பையனுக்கு ஜாமீன் கொடுத்தபோது இதே ஆட்கள் எப்படிக் கொதித்தீர்கள்! "அப்பனைப் பிடிச்சு உள்ள போடு" என்று எழுதியவர்களின் பதிவுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. போலீஸ் அந்த அப்பாவைக் கைதும் செய்தது. புனேயில் இருக்கிற பணக்கார அப்பா என்றால் குற்றவாளி, நம் தெருவில் தினமும் வணக்கம் சொல்கிற அப்பா என்றால் "பாவம், நல்ல மனுஷன்." நல்ல மனுஷனாகவே இருக்கட்டும். சாவியைக் கொடுத்தது அவர்தானே?

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று சிலருக்குப் புரியவில்லை. என் சித்தப்பாவைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

சித்தப்பா கொத்தனார். சில வருடங்களுக்கு முன்னால் வேலை முடிந்து டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தவரை, இதேபோல ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் பைக்கில் வந்து இடித்தான். இடது காலில் முட்டிக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்துவிட்டது. கம்பி வைத்தார்கள். கால் சேர்ந்தது, ஆனால் சாரம் ஏறுகிற கால் அதற்கப்புறம் ஏறவே இல்லை. ஏற முடியாத கொத்தனாருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? இப்போது ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன். தான் கட்டிய சுவருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் பையனின் அப்பா வந்தார், கூட நாலு பெரிய மனிதர்கள். பழம் வாங்கி வந்தார்கள். "பையன் ஓட்டுனான்னு எழுதினா இன்சூரன்ஸ் ஒத்த ரூபா தராது. அவனோட அண்ணனுக்கு லைசென்ஸ் இருக்கு, அவன் ஓட்டுனான்னு சொல்லிடுவோம். உங்களுக்கும் பணம் வரும், எங்களுக்கும் பிரச்சினை இல்ல." இதைக் கேட்டதும் தலையாட்டிவிடுகிற குடும்பங்கள் நிறைய, நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது பொய். மூன்றாம் நபர் காப்பீடு இருக்கிறதே எதற்கு? வண்டியால் அடிபடுகிற வெளியாளுக்கு இழப்பீடு கொடுக்கத்தானே? லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தாலும், அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று விபத்து இழப்பீட்டு வழக்குகளைப் பார்க்கிற தீர்ப்பாயங்கள் உத்தரவிடுகின்றன. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி அது. ஆக, ஆளை மாற்றினால் லாபம் யாருக்கு? அடிபட்டவருக்கு இல்லை. வண்டிக்காரருக்கு. தன் கையை விட்டு ஒரு பைசா போகக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பழமும் அந்த நாலு பெரிய மனிதர்களும்.

எங்கள் சித்தி எட்டாம் வகுப்புதான் படித்தவர். "யாரு ஓட்டுனாங்களோ அவங்க பேருதான் எழுதணும்" என்று ஒரே வார்த்தையில் நின்றார். ஸ்டேஷனில் நாள்கணக்கில் உட்கார வைத்தார்கள், உட்கார்ந்தார். வழக்கு நடந்து தீர்ப்பாயம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நிறுவனம் கொடுத்தது, பிறகு அந்த அப்பாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அவர்கள் ஒரு மனையை விற்றார்கள்.

அதற்கப்புறம் தெரு என்ன சொன்னது தெரியுமா? "ஒரு குடும்பத்தையே நடுத்தெருவுக்குக் கொண்டுவந்துட்டா." என் சித்தியைத்தான் சொன்னார்கள். கோயிலில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சாவியைக் கொடுத்தவர் மேல் ஒருவருக்கும் வருத்தம் இல்லை. புருஷனின் கால் உடைந்து பிழைப்பை இழந்தவள்தான் கெட்டவள். நேற்று உங்கள் கருத்துகளைப் படித்தபோது எனக்கு அந்தக் கோயில் வாசல்தான் நினைவுக்கு வந்தது. இப்போது புரிகிறதா?

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

"ரோடு மோசம், லைட் இல்ல, அதைக் கேட்க மாட்டியா?" கேட்பேன். கேட்டும் இருக்கிறேன். 2019இல் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன ஒரு இளம்பெண் மேல் பேனர் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் இறந்தபோது, பேனர் வைத்தது யார் என்று தமிழ்நாடே கேட்டது. சரியான கேள்வி. தரமில்லாத சாலை போட்டு உயிர் போனால் ஒப்பந்ததாரருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதே சட்டத்தில் 198ஏ பிரிவு இருக்கிறது, அதையும் யாராவது பயன்படுத்தினால் நானே கூட நிற்பேன். ஆனால் போன வாரம் விபத்து நடந்த இடத்தில் பள்ளமும் இல்லை, பேனரும் இல்லை. பட்டப்பகல். மூன்று பேர் ஒரே வண்டியில், ஒருத்தன் தலையிலும் ஹெல்மெட் இல்லை, பின்னால் இருந்தவன் கையில் செல்போன். எல்லாம் வீடியோவிலேயே இருக்கிறது. பேனர் வைத்தவரைத் தேடிய நாம் சாவி கொடுத்தவரை மட்டும் ஏன் தேடக் கூடாது?

"எங்க ஊருக்கு பஸ்ஸே வராது, டியூஷனுக்கு எப்படிப் போவான்?" இது நியாயமான கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் சைக்கிள் கொடுக்கிறதே, அது எங்கே போனது? டியூஷனுக்கு 200 சிசி எதற்கு? பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தால் பைக் என்று வாக்குக் கொடுத்தீர்கள், எடுத்தான், வாங்கிக் கொடுத்தீர்கள், பூசை போட்டு ஸ்டேட்டஸ் வைத்தீர்கள். அவ்வளவுதான் விஷயம். அதில் பஸ்ஸை இழுக்காதீர்கள்.

"உனக்குப் பிள்ளை இருந்தால் தெரியும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அது எவ்வளவு வலிக்கும் என்று என்னைத் தெரிந்த அவருக்குத் தெரியும்.

2022இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த வருடம் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டுக்கு ஒரு சித்தி இருக்கிறார், அவரிடம் போய்ச் சமாதானமாகப் போகச் சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். விதி என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டாம், அதனால்தான் எல்லாருக்கும் அந்த வார்த்தை பிடித்திருக்கிறது. விதி வந்து பெட்ரோல் போட்டுக் கொடுத்ததா?

இனி கருத்தில் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அந்தத் தெருவில் கடை வைத்திருக்கிற அண்ணன்மாரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கேமராவில் இருக்கிற பதிவை இன்றைக்கே வேறு ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். சில நாளில் தானாக அழிந்து மேலே வேறு பதிவாகிவிடும், அப்புறம், சித்தப்பா விஷயத்தில் பார்த்ததுபோல, ஓட்டியது லைசென்ஸ் இருக்கிற வேறு யாரோ என்று ஆகிவிடும்.

பூக்காரம்மாவின் மகளிடம் நேற்று ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு தாளில் கையெழுத்து கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அவளைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் இன்றைக்கு ராத்திரியே போய்ச் சொல்லுங்கள். எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதம் கெடு இருக்கிறது, அவசரமே இல்லை. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். நாளைக் காலையில் நான் அங்கே வருகிறேன், சித்தியும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.