கிரானைட்டில் தெரிவது செடி அல்ல

"கிருஷ்ணகிரி குவாரிக் கல்லில் 40 கோடி ஆண்டுப் பழைய பெரணி, ஸ்காட்லாந்தின் ரைனி போல இங்கும் வெந்நீர் ஊற்று இருந்தது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படத்துடன் சுற்றும் செய்தி தவறு. படத்தில் இருப்பது மாங்கனீசு ஆக்சைடு. விரிசலில் கசிந்த நீர் கிளைகிளையாக விட்டுச்சென்ற கறை.

ரைனி என்ற சிற்றூரில் சுமார் 40.7 கோடி ஆண்டுகளுக்கு முன் சிலிக்கா (மணலில் உள்ள பொருள்) கரைந்த வெந்நீர் செடிகளை மூழ்கடித்தது; அவை அழுகுமுன் அந்தச் சிலிக்கா செல்லுக்குள்ளேயே படிந்து இறுகியது. கல்லை ஒளி ஊடுருவும்படி மெலிதாகத் தேய்த்தால் தண்டின் நீர்க்குழாய்கூட நுண்ணோக்கியில் தெரிவது அதனால்தான். ரைனியெல்லா என்ற ஆறுகால் சிற்றுயிரியும் அங்கே அப்படித்தான் கிடைத்தது. நம் மாவட்டப் பாறைகள் பெரும்பாலும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழையவை. அப்போது நிலத்தில் செடியே இல்லை!

சந்தேகமா? கல்லைத் தேய்த்துக் கழுவி உலர்த்தி, மருந்துக்கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு சொட்டு விடுங்கள். மாங்கனீசுக் கறை நுரைக்கும். கழுவாமல் விட்டால் பாசியும் நுரைத்து ஏமாற்றிவிடும்.