எலிகள் அருமை

கலைவாணி: ஐயா, இந்தப் பதிவேட்டில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே?

சபாபதி: என்னுடையதேதான். வாசகர் வட்டத்தில் இத்தனை நிறுத்தி எழுதுகிறவர் வேறு யார் இருக்கிறார்கள்?

கலைவாணி: எழுத்து அழகுதான். எழுதியதைப் படிக்கிறேன், கேளுங்கள். "ஸ்டீபன் ஹாக்கிங்கின் 'காலத்தின் சுருக்கமான வரலாறு'. ஆழமான அறிவியல் நூல். எலிகள் அருமை. பூனைகள் சற்று மிகை. சிறுவர்களுக்கு ஏற்றது. அட்டை கெட்டி. நான்கு நட்சத்திரம்."

சபாபதி: ஐந்து போட்டிருப்பேன். பூனைகளுக்காக ஒன்றைக் குறைத்துக்கொண்டேன்.

கலைவாணி: ஐயா, அந்தப் புத்தகம் அண்டம் எப்படித் தோன்றியது, காலம் எந்தத் திசையில் ஓடுகிறது, கருந்துளைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது. அதில் எலி எப்படி வந்தது?

சபாபதி: துளை என்று நீங்களே சொல்கிறீர்கள். எலி இல்லாமல் இருக்குமா?

கலைவாணி: சரி. அந்த எலி என்ன செய்துகொண்டிருந்தது?

சபாபதி: உடற்பயிற்சி சைக்கிளை மிதித்துக்கொண்டு இன்னொரு எலியிடம் பேசிக்கொண்டிருந்தது.

கலைவாணி: உங்களுக்குச் சந்தேகமே வரவில்லையா?

சபாபதி: எதற்கு வர வேண்டும்? அறிவியல் என்றால் ஆய்வகம். ஆய்வகம் என்றால் எலி. எலியைச் சக்கரத்தில் ஓடவிட்டுச் சோதிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது சைக்கிள் வைத்திருக்கிறார்கள். அறிவியல் முன்னேறிக்கொண்டேதான் இருக்கும்.

கலைவாணி: எத்தனை பக்கம் படித்தீர்கள்?

சபாபதி: அட்டை கெட்டியாக இருந்தது அம்மா. அதை நீங்கள் மறுக்க முடியாது.

கலைவாணி: அடுத்த வரிக்கு வருகிறேன். ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மௌஸ்'. "சித்திரக்கதை என்று சொல்லிக் கொடுத்தார்கள். படம் தேட வேண்டியிருக்கிறது. கிடைத்த படங்களிலும் கூம்பு கூம்பாகக் கோடுகள். கதாநாயகன் கடைசிவரை வரவே இல்லை. இன்றைய சித்திரக்கதைகளின் தரம் வீழ்ந்துவிட்டது. அட்டை கெட்டி. ஒரு நட்சத்திரம்."

சபாபதி: அந்த ஒன்றும் அட்டைக்குத்தான்.

கலைவாணி: நீங்கள் பார்த்த கூம்பு, ஒளி எப்படிப் பரவுகிறது என்று காட்டும் வரைபடம். கடைசிவரை கதாநாயகன் வரவில்லை என்கிறீர்களே, எதுவரை போனீர்கள்?

சபாபதி: நடுவில் ஒரு சமன்பாடு வந்தது. மூடிவிட்டேன். சித்திரக்கதையில் சமன்பாடு வந்தால் யாராக இருந்தாலும் மூடத்தான் செய்வார்கள்.

கலைவாணி: 1988இல் அந்தப் புத்தகம் வந்தபோது ஹாக்கிங் தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கிவிடும் என்று யாரோ அவரிடம் எச்சரித்தார்களாம். அதனால் ஐன்ஸ்டைனின் பெயர்பெற்ற சமன்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டார். அந்த ஒன்றையும் நீங்கள் கண்டுபிடித்து மூடியிருக்கிறீர்கள்.

சபாபதி: பார்வை இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது.

கலைவாணி: இரண்டு புத்தகங்களுக்கும் காக்கித் தாளில் அட்டை போட்டீர்களா?

சபாபதி: இரவல் புத்தகம் அழுக்காகக் கூடாது அல்லவா? நானே மடித்துப் போட்டேன். பேரன் பெயர் எழுதி ஒட்டினான்.

கலைவாணி: மாற்றி ஒட்டிவிட்டான்.

சபாபதி: ஓ.

கலைவாணி: அப்படியானால் "அட்டை கெட்டி" என்று இரண்டு இடத்திலும் எழுதினீர்களே, அது எந்த அட்டை?

சபாபதி: நான் போட்டதுதான். பாருங்கள், மூலை மடிப்பு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று!

(கலைவாணி இந்த இடத்தில் பதிவேட்டை மூடிவிட்டு எழுந்து போயிருக்கலாம். நானாக இருந்தால் போயிருப்பேன். அவள் பேனாவின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள்.)

கலைவாணி: ஐயா, அந்த எலிகள் பிறகு என்ன உடை போட்டிருந்தன?

சபாபதி: கோடு போட்ட சட்டை. ஆய்வகச் சீருடை என்று நினைத்தேன்.

கலைவாணி: வதைமுகாம் சீருடை. ஸ்பீகல்மேனின் அப்பா ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர். சைக்கிள் மிதித்துக்கொண்டே மகனிடம் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் மகன் வரைந்தார்.

சபாபதி: பூனைகள் மிகை என்று எழுதிவிட்டேனே.

கலைவாணி: எழுதிவிட்டீர்கள்.

சபாபதி: சிறுவர்களுக்கு ஏற்றது என்று வேறு.

கலைவாணி: அதைத்தான் கேட்கிறேன். எதைப் பார்த்து அப்படி எழுதினீர்கள்?

சபாபதி: படம் இருந்தது.

கலைவாணி: படம் இருந்தால் சிறுவர்களுக்கு. படம் இல்லையென்றால் ஆழமானது. புத்தகத்தைத் திறக்காமலே தீர்ப்பு எழுத இதைவிட வசதியான சட்டம் கிடையாது. 'மௌஸ்' 1992இல் புலிட்சர் சிறப்பு விருது வாங்கியது. அதற்குமுன் எந்தச் சித்திரக்கதை நூலுக்கும் புலிட்சர் கிடைத்ததில்லை.

சபாபதி: விருது வாங்கியதா? முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? மூன்று நட்சத்திரம் கூட்டிவிடுங்கள்.

கலைவாணி: படிக்காமலா?

சபாபதி: விருதுக் குழுவினர் படித்திருப்பார்கள் அல்லவா? ஒரே புத்தகத்தை எத்தனை பேர்தான் படிப்பது? அதோடு, சித்திரக்கதை பிள்ளைகளைக் கெடுக்கும் என்று பெரிய மருத்துவர் ஒருவர் புத்தகமே எழுதியிருக்கிறார். நான் மட்டும் சொல்லவில்லை.

கலைவாணி: ஃபிரெடரிக் வெர்தாம். 1954. அந்தப் புத்தகம் கிளப்பிய பரபரப்பில் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகள் எழுதிக்கொண்டார்கள். அட்டையில் "பயங்கரம்" என்று தலைப்பு வைக்கக்கூடத் தடை. பிறகு 2012இல் கேரல் டில்லி என்ற ஆய்வாளர் வெர்தாமின் குறிப்புகளையெல்லாம் எடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் சொன்னதை வெர்தாம் பல இடங்களில் திரித்திருக்கிறார் என்று தெரிந்தது.

சபாபதி: பார்த்தீர்களா, நான் எதையும் திரிக்கவில்லை.

கலைவாணி: திரிப்பதற்கும் கையில் ஏதாவது இருக்க வேண்டும் ஐயா.

சபாபதி: நீங்கள் என்னை மட்டும் பிடித்துக்கொள்கிறீர்கள். போன கூட்டத்தில் ஒருவர், புத்தகம் மழையில் நனைந்து வந்தது என்று ஒரு நட்சத்திரம் போட்டார். நாவலாசிரியரா மழையை அனுப்பினார்? அவரை நீங்கள் எதுவும் கேட்கவில்லை.

கலைவாணி: கேட்டேன். "புத்தகத்தோடு எனக்குக் கிடைத்த மொத்த அனுபவத்தைச் சொல்கிறேன்" என்றார். அவர் பக்கத்தில் இருந்தவர், எழுத்து பொடியாக இருக்கிறது என்று கவிஞருக்கு இரண்டு நட்சத்திரம் குறைத்தார். அவருக்குத் தேவை கண்ணாடி.

சபாபதி: வாசகன் என்றால் இப்படித்தான். எந்தக் காலத்தில் ஒழுங்காகக் கருத்துச் சொன்னார்கள்?

கலைவாணி: அது உண்மை. 1851இல் மெல்வில்லின் 'மோபி டிக்' என்ற கடல் நாவல் லண்டனில்தான் முதலில் வெளிவந்தது. அந்தப் பதிப்பில் கடைசிப் பகுதி விடுபட்டுப்போயிற்று. கதை சொல்கிறவன் மட்டும் எப்படிப் பிழைத்தான் என்று சொல்வதே அந்தப் பகுதிதான். அது இல்லாமல் படித்தவர்களுக்குக் கப்பலும் போயிற்று, ஆட்களும் போயிற்று. எல்லோரும் மூழ்கிய பிறகு இந்தக் கதையை நமக்குச் சொல்வது யார் என்று விமர்சகர்கள் சிலர் மெல்வில் மீது பாய்ந்தார்கள்.

சபாபதி: நியாயமான கேள்விதானே?

கலைவாணி: மிகவும் நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்பதற்கு அவர்கள் கடைசிப் பக்கம்வரை போக வேண்டியிருந்தது.

சபாபதி: (கொஞ்சம் பொறுத்து) திமிங்கலம்தானே அது? அதில் எலி உண்டா?

கலைவாணி: எலியை விடுங்கள் ஐயா.

சபாபதி: நான் கேட்பது, பிராணிகள் வந்தாலே புத்தகம் எடுபடும் என்பதற்காக.

கலைவாணி: இதை உங்களுக்கு முன்பே ஒருவர் டார்வினின் பதிப்பாளருக்கு எழுதிவிட்டார். விட்வெல் எல்வின் என்ற பாதிரியார், ஒரு பத்திரிகையின் ஆசிரியர். உயிரினங்களின் தோற்றம் பற்றிய கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, இதைவிடப் புறாக்களைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லுங்கள், புறா என்றால் எல்லோருக்கும் பிடிக்கும் என்றார்.

சபாபதி: நல்ல யோசனை! டார்வின் கேட்டாரா?

கலைவாணி: கேட்கவில்லை. 1859 நவம்பரில் 1,250 பிரதிகள் அச்சிட்டார்கள். வெளியாவதற்கு முன்பே புத்தக வணிகர்கள் கேட்டது இருந்த பிரதிகளைவிட அதிகம்.

சபாபதி: புறாவாக இருந்தால் இரண்டாயிரம் கேட்டிருப்பார்கள்.

கலைவாணி: ஐயா...

சபாபதி: சரி, ஒப்புக்கொள்கிறேன். முழுக்கப் படிக்கவில்லை. ஹாக்கிங்கை உலகத்தில் யார் முழுக்கப் படித்தார்கள், சொல்லுங்கள்.

கலைவாணி: அதற்கும் ஒரு வேடிக்கைக் கணக்கு இருக்கிறது. ஜோர்டன் எல்லன்பெர்க் என்ற கணிதப் பேராசிரியர் 2014இல் போட்டது. மின்னூலில் வாசகர்கள் அதிகம் கோடிட்ட ஐந்து இடங்களை எடுத்துக்கொண்டார். அவை சராசரியாகப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் வருகின்றன என்று பார்த்தார். எல்லாம் முன்பகுதியிலேயே இருந்தால் வாசகர் அங்கேயே இறங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் குறியீட்டுக்கு ஹாக்கிங்கின் பெயரையே சூட்டினார். ஹாக்கிங் புத்தகத்துக்குக் கிடைத்தது 6.6 சதவீதம்.

சபாபதி: 6.6ஆ? அவ்வளவு தூரமா போகிறார்கள்?

கலைவாணி: பாதியில் விடுவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை ஐயா. நானும் எத்தனையோ புத்தகங்களைப் பாதியில் விட்டிருக்கிறேன். "பாதியில் விட்டேன்" என்று எழுதிவிட்டுப் போங்களேன். அதுவும் கருத்துதான். இங்கே அதை ஒருவரும் எழுதுவதில்லை. எல்லாப் புத்தகமும் "ஆழமானது", "விறுவிறுப்பானது", "அனைவரும் படிக்க வேண்டியது". இந்த மூன்றையும் ரப்பர் முத்திரையாகச் செய்து வைத்துவிட்டால் பேனா மையாவது மிஞ்சும்.

சபாபதி: "அட்டை கெட்டி" என்பதையும் சேர்த்து நான்கு முத்திரை.

கலைவாணி: இந்தப் பக்கத்தைப் பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் எழுதியது. அதே ஹாக்கிங் புத்தகம்தான். "காலம் எங்கே தொடங்கியது என்கிற அத்தியாயம் புரியவில்லை. திரும்பப் படித்தேன். முதலில் புரியாததும் இப்போது புரியாததும் வேறு வேறாக இருக்கின்றன. புத்தகத்தை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாமா?" நட்சத்திரக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறான்.

சபாபதி: புரியவில்லை என்று நாலு பேர் பார்க்கும் பதிவேட்டில் எழுதலாமா? அந்தப் பையனுக்குக் கூச்சமாக இருக்காதா?

கலைவாணி: கூச்சம் யாருக்கு இருக்க வேண்டும் என்பதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சபாபதி: மறைமுகமாகப் பேசாதீர்கள் அம்மா.

கலைவாணி: நேராகவே பேசுகிறேன். உங்கள் கருத்தை அடித்துவிடலாமா?

சபாபதி: அடிப்பதா? அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும். இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். கருத்து அப்படியே பொருந்திவிடும்.

கலைவாணி: "ஆழமான அறிவியல் நூல்" என்பது?

சபாபதி: ஆஷ்விட்ஸ் என்றால் ஆழம்தானே? "அறிவியல்" என்பதை மட்டும் அடியுங்கள்.

கலைவாணி: அம்புக்குறி போட இடம் இல்லை ஐயா. உங்கள் கருத்துக்குக் கீழே மற்றவர்கள் எழுதிவிட்டார்கள்.

சபாபதி: அப்படியா! என்ன எழுதியிருக்கிறார்கள்?

கலைவாணி: "சபாபதி ஐயாவின் கருத்தை வழிமொழிகிறேன். ஹாக்கிங்கை இவ்வளவு எளிமையாக விளக்க அவரால்தான் முடியும்." இது முதலாவது.

சபாபதி: நல்ல மனிதர்.

கலைவாணி: அடுத்தவர்: "நானும் இந்நூலைப் பல முறை வாசித்தவன். எலிகளைப் பற்றி ஐயா சொல்வது மிகச் சரி."

சபாபதி: பல முறையா?

கலைவாணி: பல முறை. மூன்றாமவர் உங்களோடு ஒத்துப்போகவில்லை.

சபாபதி: என்ன சொல்கிறார்?

கலைவாணி: "பூனைகள் மிகை என்பதை ஏற்க முடியாது. மூலத்தில் பூனைகள் இன்னும் அதிகம். மொழிபெயர்ப்பில் குறைத்துவிட்டார்கள்."

சபாபதி: பாருங்கள் அம்மா, விவாதம் சூடுபிடித்துவிட்டது! ஒரு வாசகர் வட்டத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்தப் பேனாவை இப்படிக் கொடுங்கள், பூனைகள் விஷயத்தில் அவருக்கு நான் பதில் எழுத வேண்டும்.