எந்த டெஸ்ட் போடுவது?

போன வாரம் ஓர் ஆய்வு மாணவி போனில் அழைத்தார். குழுவுக்கு மூன்று எலிகள், மொத்தம் இரண்டு குழுக்கள். இரண்டு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் சோதனையைப் போட்டு, ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பியிருக்கிறார். மாதிரி சிறியது, அதனால் எண்களின் பரவல் குறிப்பிட்ட வடிவில் இருக்க வேண்டும் என்று கேட்காத நான்-பாராமெட்ரிக் சோதனைதான் போட வேண்டும் என்று மதிப்பாய்வாளர் எழுதிவிட்டார். இவரும் அந்த வகையைச் சேர்ந்த மான்-விட்னி சோதனைக்கு மாற்றியிருக்கிறார். பி-மதிப்பு (குழுக்களுக்கிடையே வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இந்த அளவோ இதற்கு மேலோ வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்பது) 0.1. வழக்கமான எல்லையான 0.05க்கு மேலே. "ரெண்டு வருஷ உழைப்பு சார், ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டார். குரல் கம்மியிருந்தது.

அவருடைய எண்களைப் பார்த்தேன். ஒரு குழுவின் மூன்று எண்களும் மற்றதன் மூன்றையும் விட வெகு மேலே இருந்தன. அப்படியும் 0.1தான். ஏன் தெரியுமா? மான்-விட்னி எண்களைப் பார்ப்பதில்லை, அவற்றின் வரிசையை மட்டும் பார்க்கிறது. ஆறு இடங்களில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 20 வழிகள். முழுக்க மேலே அல்லது முழுக்க கீழே என்று இருப்பவை அதில் இரண்டு. 2/20, அதாவது 0.1. மூன்றுக்கு மூன்று என்றால் அதற்குக் கீழே அந்தச் சோதனையால் போகவே முடியாது. இடைவெளி பத்தாக இருந்தாலும் பத்தாயிரமாக இருந்தாலும் அதே விடைதான். (சில மென்பொருள்கள் தோராய முறையில் கணக்கிட்டு இதே டேட்டாவுக்கு 0.0495 என்று காட்டும். தயவுசெய்து அதை எடுத்து எழுதிவிடாதீர்கள்.)

"சிறிய மாதிரி என்றால் நான்-பாராமெட்ரிக்" என்ற வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. டி-டெஸ்ட் பிறந்ததே சிறிய மாதிரிகளுக்காகத்தான். கின்னஸ் பியர் ஆலையில் வேலை பார்த்த காசெட்டுக்குக் கையில் கிடைத்தவை நாலைந்து அளவீடுகள். அதை வைத்து என்ன சொல்ல முடியும் என்று யோசித்துத்தான் 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் அந்தக் கட்டுரையை எழுதினார். சிறிய மாதிரியில் இயல்நிலைப் பரவல் (எண்கள் நடுவில் குவிந்து இருபுறமும் சமமாகச் சரியும் மணி வடிவம்) என்ற அனுமானம் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் அதை அந்த மூன்று எண்களிடம் கேட்டு என்ன பயன்? இதே அளவீட்டை இதற்கு முன் நூறு தடவை எடுத்தவர்கள் என்ன கண்டார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பரவலான பழக்கம் இன்னொன்று. முதலில் டேட்டா இயல்நிலையில் இருக்கிறதா என்று பார்க்கும் ஷபிரோ-வில்க் சோதனையைப் போடு, அதன் பி-மதிப்பு 0.05க்கு மேலே வந்தால் டி-டெஸ்ட், கீழே வந்தால் மான்-விட்னி. வகுப்பில் இதைப் படம் போட்டே காட்டிவிடுகிறார்கள். ஐந்தாறு எண்கள் மட்டும் இருந்தால், பரவல் ஓரளவு கோணலாக இருந்தாலும் ஷபிரோ-வில்க் பெரும்பாலும் அதைக் கண்டுபிடிக்காது. ஐயாயிரம் எண்கள் இருந்தால் ஒன்றுமில்லாத கோணலுக்கும் சிவப்புக் கொடி காட்டும். அத்தனை எண்கள் இருக்கும்போது, மைய எல்லைத் தேற்றத்தின் தயவில் (மாதிரி பெரிதானால் சராசரிகள் இயல்நிலையை நெருங்கும் என்பது அது), டி-டெஸ்டுக்கு அந்தக் கோணல் ஒரு பொருட்டே இல்லை. அதாவது அனுமானம் முக்கியமான இடத்தில் இந்தச் சோதனை பேசாது, முக்கியமில்லாத இடத்தில் கத்தும். இரண்டு குழுக்களையும் ஒன்றாகக் கொட்டி ஷபிரோ-வில்க் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். குழுக்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் அந்தக் கலவை இரண்டு திமில்களோடு நிற்கும். இயல்நிலை இல்லை என்று வராமல் வேறு என்ன வரும்?

சரி, அப்போது எதை வைத்து முடிவெடுப்பது? உங்கள் கேள்வி என்ன என்பதை வைத்துத்தான்.

இரண்டு சிகிச்சைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் சிகிச்சையில் எல்லோரும் நான்கு முதல் ஆறு நாளில் வீட்டுக்குப் போகிறார்கள், சராசரி 5 நாள். இரண்டாவதில் பத்தில் ஒன்பது பேர் மூன்றே நாளில் போய்விடுகிறார்கள், மீதி ஒருவர் 40 நாள் கிடக்கிறார். சராசரி 6.7 நாள். மான்-விட்னியிடம் கேட்டால் இரண்டாவது சிகிச்சையில்தான் நாட்கள் குறைவு என்று சொல்லும். சராசரியைக் கேட்டால் முதலாவது என்று சொல்லும். இரண்டும் உண்மை. எத்தனை படுக்கை வேண்டும் என்று திட்டமிடுகிறவருக்குத் தேவை சராசரி, ஏனென்றால் அதை நோயாளிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால்தான் மொத்த நாட்கள் கிடைக்கும். டேட்டா கோணலாக இருக்கிறது என்பதற்காக அவருக்கு மான்-விட்னி போன்ற தரவரிசைச் சோதனையைக் கொடுத்தால், அவர் கேட்காத கேள்விக்குப் பதில் கொடுத்தோம் என்று அர்த்தம். தனக்கு எது சீக்கிரம் குணமாக்கும் என்று கேட்கும் ஒரு நோயாளிக்கோ தரவரிசை பொருந்தலாம்.

இன்னொன்று, மான்-விட்னி இடைநிலை அளவுகளை (மீடியன்) ஒப்பிடும் சோதனை என்று பல கட்டுரைகளில் எழுதுகிறார்கள். பரவல்களின் வடிவம் ஒன்றாக இருந்தால் மட்டும்தான் அப்படிச் சொல்லலாம். உண்மையில் அது கேட்பது, இந்தக் குழுவில் ஒருவரையும் அந்தக் குழுவில் ஒருவரையும் எடுத்தால் யாருடைய எண் பெரிதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதை.

தரவரிசைச் சோதனைகள் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. வில்காக்சன் என்ற வேதியியலாளர் மான்-விட்னிக்குச் சமமான சோதனையைத் தந்து 1945இல் எழுதிய அந்தச் சில பக்கங்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மாதிரி பெரிதாக இருந்து டேட்டா கச்சிதமாக இயல்நிலையில் இருந்தாலும், டி-டெஸ்டோடு ஒப்பிட்டால் அந்தச் சோதனையின் திறன் சுமார் 95.5 சதவீதம். பரவல் எப்படி இருந்தாலும், குழுக்கள் இடம் மட்டும் தள்ளியிருந்தால், இந்த விகிதம் 86.4 சதவீதத்துக்குக் கீழே இறங்காது என்று ஹாட்ஜஸும் லேமனும் 1956இல் நிரூபித்தார்கள். வால் நீண்ட பரவல்களில் டி-டெஸ்டை அது வெகுதூரம் முந்திவிடும். ஐந்து புள்ளி அளவுகோலில் 'திருப்தி', 'மிகத் திருப்தி' என்று வாங்கிய ஒற்றைக் கேள்விக்கு நான் தயங்காமல் அதைத்தான் எடுப்பேன்.

ஆனால் நான்-பாராமெட்ரிக் என்றால் அனுமானமே இல்லை என்று நினைக்கக் கூடாது. ஒரே எலியிடம் நான்கு தடவை அளந்துவிட்டு நான்கு எலி என்று எண்ணினால் இரண்டு வகைச் சோதனையும் கவிழும். சிதறல் ஒரு குழுவில் அதிகம், மற்றதில் குறைவு என்றால் மான்-விட்னிக்கு ஓடுவதும் தீர்வில்லை. சிதறல்கள் சமம் என்று அனுமானிக்காத வெல்ச்சின் டி-டெஸ்ட் இருக்கிறது, ஆர் மென்பொருளில் t.test என்று அடித்தாலே அதுதான் வரும்.

அப்புறம் அந்த மாணவி. ஆறு புள்ளிகளையும் அப்படியே படத்தில் போடச் சொன்னேன். வெல்ச் முறையில் வித்தியாசத்தையும் அதன் நம்பிக்கை இடைவெளியையும் (உண்மையான வித்தியாசம் எந்த வரம்புக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீடு) எழுதினோம். மதிப்பாய்வாளருக்கான பதிலில் அந்த 20 வழிகளையும் ஒவ்வொன்றாக அட்டவணை போட்டுக் காட்டியிருக்கிறார். நேற்று இரவு அனுப்பிவிட்டார்.