தொப்பிக்குள் மறைந்துபோன ஆசிரியர்

'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2013இல் ஐந்தாவது பருவத்துடன் நிறைவடைந்த பின்னரும், அதன் மையப் பாத்திரமான வோல்டர் வைட்டை வைத்து இரசிகர்கள் வடிவமைக்கும் சுவரொட்டிகள் வந்துகொண்டேயிருக்கின்றன. கொழும்பில் வரைகலை பயிலும் இளையோர் சிலரும் அவ்வாறானவற்றை எனக்குக் காட்டியிருக்கிறார்கள். கைத்திறன் மெச்சத்தக்கது. ஆயினும் பெரும்பாலானவை கறுப்புத் தொப்பி, கண்ணாடி, குறுந்தாடி ஆகியவற்றோடு நின்றுவிடுவது எனக்கு உண்மையான மனக்குறை.

முகத்தை வரையாமலே ஆளை உணர்த்திவிடும் வல்லமை அவற்றுக்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொப்பி, புற்றுநோய்க்கு ஆளான ஓர் இரசாயனவியல் ஆசிரியர் போதைப்பொருள் தயாரிப்பில் இறங்கியபின் 'ஹைசன்பர்க்' என்ற பெயரோடு தானே சூடிக்கொண்ட வேடம். அதை மட்டும் வரைபவர், உலகம் தன்னை எப்படிக் கண்டு அஞ்ச வேண்டுமென்று வோல்டர் விரும்பினாரோ, அந்த விருப்பத்தையே அவருக்காக அச்சிட்டுக் கொடுக்கிறார். தொடரோ 62 அத்தியாயங்களில் அந்த வேடத்தின் விலையைக் கணக்கிடுகிறது.

இரண்டாம் பருவத்தில் வரும் இளஞ்சிவப்புக் கரடிப் பொம்மையை நினைத்துப் பாருங்கள். மயக்கத்தில் மூச்சுத் திணறும் ஓர் இளம்பெண்ணைக் காப்பாற்றாமல் வோல்டர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரான அவளது தந்தை துயரம் ஆறாமலே பணிக்குத் திரும்ப, இரு விமானங்கள் வானில் மோதுகின்றன. அந்தப் பொம்மை வோல்டர் வீட்டு நீச்சல் தடாகத்தில் வந்து விழுகிறது. கழன்றுபோன அதன் ஒற்றைக் கண்ணை வெறுந்தாளின் நடுவே வைத்தாலே போதும், அது பாத்திரத்தின் மீதான தீர்ப்பாகிவிடும். இரசிகரின் சுவரொட்டியும் ஒரு விமர்சனமே என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

நம் வடிவமைப்பாளர்களுக்கு இன்னொரு வழியும் அருகிலேயே இருக்கிறது. கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மதில்களில் ஒட்டப்படும் உயர்தரப் பரீட்சைக்கான தனியார் வகுப்பு விளம்பரங்களில் ஆசிரியரின் மார்பளவுப் படமும் பாடத்தின் பெயரும் பரீட்சை ஆண்டும் பெரிதாக இருக்கும். முதல் அத்தியாயத்தில், வருமானம் போதாமல் வாகனம் கழுவும் இடத்தில் வேலை செய்து, தன் மாணவனின் காரையே துடைக்க நேர்ந்த வோல்டரை அந்த அமைப்பில், தொப்பியின்றி, 'இரசாயனவியல்' என்ற தலைப்பின் கீழ் நிறுத்தினால், எந்த அவமானத்திலிருந்து ஹைசன்பர்க் பிறந்தான் என்பது நம்மவர்க்கு விளக்கமின்றியே புரியும். அப்படியொன்றை யாரேனும் வடிவமைத்தால், தம் பெயரையும் கீழே தெளிவாகப் பொறிக்கட்டும். முதற்பிரதியை நான் விலைகொடுத்து வாங்குவேன்.