உறைய வைத்த உயிரணுவும் நகலெடுத்த எருமையும்

ஒரு விலங்கின் உயிரணுவிலிருந்து அதன் நகலை உருவாக்கும் குளோனிங்கைப் பற்றிப் பேச்சு எழுந்தால், 1996இல் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனத்தில் பிறந்த டாலி என்ற செம்மறி ஆட்டோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். அரியானாவின் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் நகலாகப் பிறந்த எருமைகளை வைத்து யோசிப்பது நமக்கு இன்னும் பயன் தரும் என்பது என் எண்ணம்.

அங்கே 2009 பிப்ரவரியில் பிறந்த முதல் கன்று சில நாள்களிலேயே இறந்துபோனது. அதே ஆண்டு ஜூனில் பிறந்த கரிமாவும் ஈராண்டு கடந்ததும் இறந்தது. ஆனால், 2010இல் பிறந்த இரண்டாம் கரிமா, சினை ஊசி மூலம் கருவுற்று, 2013 ஜனவரியில் மஹிமா என்ற கன்றை ஈன்றது. நகலாகப் பிறந்த எருமையும் இயல்பாகக் கன்று ஈனும் என்பது இதனால் உறுதியாயிற்று.

இந்த முயற்சியின் உண்மையான பயன் எருமைக் கடாக்களில்தான் இருக்கிறது. ஒரு முர்ரா இனக் கடா நன்கு பால் கறக்கும் மகள்களைத் தரக்கூடியது என்று உறுதிசெய்ய, அந்த மகள்கள் வளர்ந்து, கன்று ஈன்று, கறக்கத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கடா மூப்படைந்துவிடும், சில வேளை இறந்தும்விடும். அதன் உயிரணுவிலிருந்து இன்னொரு கடாவை உருவாக்கினால் சினை ஊசிக்கான உறைவிந்து தொடர்ந்து கிடைக்கும். தரமான கடாக்களுக்குப் பற்றாக்குறை உள்ள நாட்டில் இது சிறிய உதவியன்று.

இதற்கு விலங்குகள் கொடுக்கும் விலையையும் மறைக்கக் கூடாது. டாலிக்காக 277 கருமுட்டைகளில், மரபணுக்கள் அடங்கிய உட்கருவை மாற்றினார்கள். அவற்றில் 29 மட்டுமே கருவாக வளர்ந்தன. 13 ஆடுகளின் கருப்பையில் அவற்றை வைத்தும் பிறந்தது ஒரே குட்டி. தொழில்நுட்பம் அதன்பின் முன்னேறியிருக்கிறது என்றாலும், கருச்சிதைவும் அளவுக்கு மீறிப் பெருத்த கன்றைச் சுமந்து ஈனும் வாடகைத் தாயின் வேதனையும் இன்னும் தீரவில்லை. இறந்த செல்ல நாயைப் பெருந்தொகை கொடுத்து நகலெடுத்துக்கொள்வதற்காக இவ்வளவு துன்பத்தை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது.

மந்தை முழுவதும் ஒருசில கடாக்களின் வழிவந்ததாகிவிட்டால், ஒரு நோய் எல்லாவற்றையும் சேர்த்து வீழ்த்தலாம் என்ற அச்சம் சரியானதே. ஆனால், யாருடைய உயிரணுவை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இதற்கு நேரெதிரான விளைவும் உண்டு. அமெரிக்காவின் கருங்கால் மரநாய்கள் (ஃபெரெட் என்னும் சிறு ஊனுண்ணிகள்) 2020வரை ஏழு விலங்குகளின் வழித்தோன்றல்களாக மட்டுமே இருந்தன. அந்த ஏழில் சேராத, 1988இல் இறந்த வில்லா என்ற மரநாயின் உயிரணுக்களை யாரோ முன்யோசனையோடு உறைய வைத்திருந்ததால், 2020 டிசம்பரில் அதன் நகலான எலிசபெத் ஆன் பிறந்தது. அந்த இனம் இழந்திருந்த மரபணு வேறுபாடு சிறிதேனும் மீள வழி பிறந்தது.

இதே கர்னாலில், சத்தீஸ்கரின் காட்டு நீர் எருமையான ஆஷாவின் உயிரணுவிலிருந்து 2014இல் தீப் ஆஷா என்ற நகல் பிறந்ததாக அறிவித்தார்கள். ஒரே ஒரு பெண் எருமையைக் கொண்டு மந்தையை உருவாக்க முடியாது. அது மேய்வதற்கான காட்டைக் குளோனிங்கால் தரவும் முடியாது.

ஆகையால், அரசு செலவிடும் பணத்தில் பெரும்பகுதி, இன்று உயிரோடிருக்கும் நாட்டு இனங்கள் ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று உறவில்லாத பல விலங்குகளின் உயிரணுக்களைச் சேமித்து வைக்கவும், அவற்றை வளர்ப்போருக்கு மேய்ச்சல் நிலத்தை உறுதிசெய்யவும் போக வேண்டும் என்பேன். நகலெடுக்கும் வேலை அதற்குப் பின்னர் நடக்கட்டும்.