வாத்தைக் காப்பாற்றக் கொட்டில் போதும், விஷம் வேண்டாம்

கொல்லையில் வளர்க்கும் வாத்தை மரநாயோ காட்டுப்பூனையோ தூக்கிவிட்டால், மறுநாளே கருவாட்டில் பூச்சிக்கொல்லிக் குருணை மருந்தைப் பிசைந்து வேலியோரம் வைக்கும் பழக்கம் எங்கள் டெல்டா ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. நானும் வாத்து வளர்ப்பவள்தான். இழப்பின் வலி எனக்கும் தெரியும். ஆனாலும் இதை ஏற்க மாட்டேன்.

அந்தக் கருவாட்டை எது தின்னும் என்று வைத்தவருக்கே தெரியாது. மரநாய் தின்னலாம், பக்கத்து வீட்டு நாயும் தின்னலாம். செத்துக் கிடப்பதைக் கொத்த வரும் காக்கையும் சேர்ந்து சாகும். வேலிக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சுவது இதைவிடக் கொடுமை. இருட்டோடு வயலுக்குப் போனவர்கள் அந்தக் கம்பியை மிதித்து உயிர்விட்ட செய்திகளை எத்தனை முறை படித்துவிட்டோம்! கீரி, மரநாய், காட்டுப்பூனை மூன்றுமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. சட்டத்தை விடுங்கள், காட்டுப்பூனையின் முக்கிய இரையே எலிதான். எலியைப் பிடிக்கட்டும் என்று வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நடுகிற நாம், அதே எலியைத் தேடி வரும் பூனைக்கு விஷம் வைப்பது என்ன நியாயம்?

வாத்தின் இயல்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். இருட்டினால் கோழி மரக்கிளையிலோ பரணிலோ ஏறிக்கொள்ளும். நாட்டு வாத்து ஏறாது. தரையிலேயே கூட்டமாகப் படுத்துவிடும். அதனால் பொழுது சாய்வதற்குள் அதை அடைத்தே ஆக வேண்டும்.

எதில் அடைக்கிறோம் என்பதுதான் கேள்வி. எங்கள் பெரியம்மா வீட்டில் அறுகோணக் கண் உள்ள கோழி வலையால் கொட்டில் அடித்திருந்தார்கள். விடிந்து பார்த்தால் வலையை ஒட்டி ஒரு வாத்து தலையில்லாமல் கிடந்தது. வலை எங்கும் அறுபடவில்லை, கதவும் திறக்கவில்லை. வந்த விலங்கு வலைக் கண் வழியாகப் பாதத்தை விட்டுக் கழுத்தைப் பிடித்து இழுத்திருக்கிறது. அந்த வலை வாத்தை உள்ளே நிறுத்தும், வருகிறதை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) விலை கூடத்தான். ஆனால் ஒருமுறை போட்டால் பல வருடம் வரும். அதை மண்ணுக்குள் ஓர் அடி இறக்குங்கள். தரை கெட்டியாக இருந்தால் வெளிப்பக்கமாக ஓர் அடி மடக்கிப் பரப்பிக் கல்லை ஏற்றுங்கள். தோண்ட வரும் நாயோ நரியோ சுவரோரத்தில்தான் தோண்டும், அங்கே கம்பி தடுக்கும். மரநாய் கூரை ஓடுகளை நகர்த்தி இறங்கும் என்பதால் கூரைக்கு அடியிலும் மெஷ் வேண்டும். தகரத்தால் முழுக்க மூடிவிடாதீர்கள். வாத்து படுத்த இடம் எப்போதும் ஈரம், காற்று இல்லையென்றால் நோய் வரும்.

சம்பா அறுவடை முடிந்ததும் வயல்களில் வாத்து மேய்க்க வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பகல் முழுவதும் சிந்திய நெல்லும் நத்தையும் மேயவிட்டு, மாலையில் வரப்போரம் வலையைச் சுற்றிப் பட்டி அடைத்து, பக்கத்திலேயே நாயோடு படுத்துக்கொள்வார்கள். அத்தனை வாத்தையும் அவர்கள் காப்பது இந்தக் காவலால்தான். விடியும் முன் வாத்துகள் பட்டிக்குள்ளேயே முட்டையிட்டிருக்கும். நம் வீட்டிலும் எட்டு மணி வரை திறக்காமல் இருந்தால் முட்டை முழுவதும் கைக்கு வரும். சீக்கிரம் திறந்தால் குளத்திலும் புதரிலும் போட்டுவிடும், அதைக் காக்கையும் உடும்பும் கொண்டுபோகும்.

பகலில் கவலை குஞ்சுகளைப் பற்றித்தான். நாட்டுக் கோழியை அடைகாக்க வைத்தால் 28 நாளில் வாத்துக் குஞ்சு பொரிக்கும். பருந்து வட்டமிட்டால் அந்தத் தாய்க்கோழி கத்திச் சிறகை விரித்துக்கொண்டு நிற்கும் வேகம் எந்த வலைக்கும் வராது. ஆனாலும் முதல் சில வாரம் குஞ்சுகளுக்கு மேலே வலை கட்டுங்கள். வலையைத் தரை வரை தொங்கவிடாதீர்கள், சாரைப்பாம்பு சிக்கிச் செத்துப்போகும்.

மருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். எந்தப் பயிருக்கு, எத்தனை மா நிலத்துக்கு என்று சொல்லத் தெரியாமல் ஒரு கைப்பிடி குருணை கேட்டு வருபவருக்குத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.