‘சும்மாதானே கிடக்குது’ என்று இன்னொரு முறை சொல்லாதீர்கள்

“ஸ்டாண்ட்பை சும்மாதானே கிடக்குது, ரிப்போர்ட்டை எல்லாம் அதுல ஓட்டிக்கலாமே?” இன்று காலை மீட்டிங்கில் மறுபடியும் இதே பேச்சு. இந்த சம்பா அறுவடையில் பட்டதெல்லாம் பட்ட பிறகும் இதே பேச்சு. கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

சும்மா கிடக்கவில்லை ஐயா. எங்கள் நெல் கொள்முதல் கணக்கு இருக்கிற டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிற டிபிஏ நான். பிரைமரி என்பது கணக்கு ஏறுகிற முதன்மை மெஷின், ஸ்டாண்ட்பை என்பது அது விழுந்தால் எழுந்து நிற்க வேண்டிய நகல் மெஷின். எடைமேடையில் ஒரு லாரி ஏறி இறங்கினால் தஞ்சாவூர் பிரைமரியில் பதிவாகிறது. அந்த மாற்றத்தின் குறிப்பு, அதாவது லாக், உடனே கோயம்புத்தூருக்குப் போகிறது. அங்கே ஸ்டாண்ட்பை அதை வாங்கி வாங்கித் தன்மேல் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி பகல் கிடையாது. ஏன் கோயம்புத்தூர் என்று கேட்கிறவர்கள் 2018 நவம்பர் 16ஐ மறந்துவிட்டவர்கள். வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறிய பிறகு எத்தனை ஊர் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது! அதைப் பார்த்துத்தான் அந்த மெஷினை டெல்டாவுக்கு வெளியே வைத்தோம். கொள்ளிடக் கரையில் உடைப்புக்கென்று அடுக்கி வைத்த மணல் மூட்டையை எடுத்துப் போய் வீட்டு வாசலுக்குப் படி கட்டுகிற வேலையைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறோம்.

நடந்ததைச் சொல்கிறேன். முதலாளிக்கு ஒரு ரிப்போர்ட் வேண்டும். மூன்று வருட சம்பா கொள்முதல், ஊர்வாரியாக, ரகவாரியாக. மன்னார்குடிப் பக்கம் சிஆர் 1009 எவ்வளவு, பாபநாசம் பக்கம் பிபிடி எவ்வளவு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் வந்தது எவ்வளவு, அதற்காகக் கழித்தது எவ்வளவு. நியாயமான கேள்விதான், அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அதை எழுதிக் கொடுத்த கன்சல்டன்ட் மூன்று வருட மூட்டைக் கணக்கையும் டேட்டாபேஸிடம் கேட்கிற ஒரே கேள்வியில், அதாவது ஒரே குவெரியில், கோத்து, நேராக ஸ்டாண்ட்பையில் கொண்டுபோய்ச் சொருகினார். கொஞ்ச நேரம் ஓடியது, அப்புறம் செத்தது. ‘கேன்சலிங் ஸ்டேட்மெண்ட் டியூ டு கான்ஃப்ளிக்ட் வித் ரெகவரி.’ லாக் ஏற்றுகிற வேலையோடு மோதியதால் குவெரியை ரத்து செய்கிறேன் என்று அர்த்தம். எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ்ஸில் இந்த வேலை பார்க்கிற யாருக்கும் இந்த வரி மனப்பாடம்.

பிரைமரியில் வேக்கூம் என்கிற துப்புரவு வேலை ஓடிச் செத்த வரிகளைத் துடைக்கிறது. ஒரு வரியை மாற்றினாலோ அழித்தாலோ மிஞ்சுகிற பழைய பிரதிதான் செத்த வரி. அந்தத் துடைப்பும் லாக் வழியாக ஸ்டாண்ட்பைக்கு வந்துதான் ஆகும். அங்கே ஓடிக்கொண்டிருக்கிற ரிப்போர்ட்டுக்கோ அந்தப் பழைய வரிகள் இன்னும் வேண்டும். ஒன்று ரிப்போர்ட் சாக வேண்டும், அல்லது லாக் ஏற்றுவது நிற்க வேண்டும். இயல்பான அமைப்பில் 30 வினாடிக்கு மேல் தாமதம் ஆகாமல் ரிப்போர்ட்டை வெட்டிவிடும். சரியான முடிவு அது! பிரைமரி விழுந்தால் எழுந்து நிற்க வேண்டிய மெஷினுக்கு அதுதான் முதல் வேலை.

கன்சல்டன்ட் இணையத்தில் எதையோ படித்துவிட்டு வந்து, மேக்ஸ் ஸ்டாண்ட்பை ஸ்ட்ரீமிங் டிலே என்கிற அந்தத் தாமத வரம்பை மைனஸ் ஒன்று ஆக்கச் சொன்னார். ரிப்போர்ட் முடிகிறவரை காலவரையின்றிக் காத்திரு என்று அர்த்தம். வேண்டாம் என்று காரணத்தோடு மெயில் எழுதினேன். மேலிருந்து உத்தரவு வந்தது, மாற்றியாயிற்று. ரிப்போர்ட் ஓடியது, கைதட்டினார்கள். உடனே ஒவ்வொரு கிளையிலும் ஆளுக்கு ஒரு டாஷ்போர்டைத் திறந்து உட்கார்ந்தார்கள். ஒன்று முடிந்து லாக் கொஞ்சம் நகரும், அடுத்தது குறுக்கே நிற்கும். மத்தியானம் மேனேஜர் போன்: “என்னா தம்பி, காலையிலேருந்து இறங்குன லோடு ஒண்ணுமே ரிப்போர்ட்ல காணும்? டேட்டா போயிடுச்சா?”

டேட்டா எங்கேயும் போகவில்லை. லாக் கோயம்புத்தூர் வரை வந்து, ஏற்றப்படாமல் மணிக்கணக்கில் குவிந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து தஞ்சாவூர் மெஷின் படுத்திருந்தால், குவிந்ததை எல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் ஸ்டாண்ட்பை பிரைமரியாக எழும். அதுவரை எடைமேடை எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கன்சல்டன்ட் என்ன சொன்னார் தெரியுமா? “ரெப்ளிகேஷன் சரியில்ல சார், டிபிஏதான் பாக்கணும்.”

அதோடு விட்டார்களா? அடுத்த வைத்தியம், ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக்கை ஆன் செய்வது. ஸ்டாண்ட்பையில் ரிப்போர்ட் ஓடுகிறவரை அதற்கு வேண்டிய செத்த வரிகளைத் துடைக்காதே என்று பிரைமரிக்கே சொல்வது அது. எங்கள் டோக்கன் டேபிளில் ஒரு வண்டிக்கு எத்தனை அப்டேட்! வண்டி வந்தது, எடை போட்டது, ஈரம் பார்த்தது, இறக்கியது. துடைக்க முடியாமல் டேபிள் ஊதி, எடைமேடை ஸ்க்ரீன் தவழ ஆரம்பித்தது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று நொந்து வந்த டிராக்டர்க்காரர் இங்கேயும் நின்றார். பொழுது சாய்ந்து பனி இறங்கியது. ஈரப்பதத்தைக் கணக்குப் பார்க்க ஓடிய ரிப்போர்ட்டால் வாசலில் நின்ற நெல் ஈரம் கோத்தது. அந்த ஈரத்துக்கும் கழிப்பு அந்த விவசாயி தலையில்தான் விழும். இதை எந்த டாஷ்போர்டிலும் காட்ட மாட்டார்கள்.

ஸ்டாண்ட்பையில் ரிப்போர்ட் ஓட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2010இல் 9.0 வந்ததிலிருந்து போஸ்ட்கிரெஸ் அதை அனுமதிக்கிறது. “ஆரக்கிள்ல எல்லாரும் பண்றாங்களே” என்று இன்னொரு டேட்டாபேஸைக் காட்டுகிறார்கள். பண்ணுகிறார்கள், அங்கே இதற்கான வசதியான ஆக்டிவ் டேட்டா கார்டுக்குத் தனி லைசன்ஸ் வாங்கிப் பண்ணுகிறார்கள். இங்கே அது இலவசமாக வந்ததால் அதற்கு விலையே இல்லை என்று நினைத்துவிட்டார்கள். லாக் பின்தங்கக் கூடாது என்பது ஒரு அமைப்பு. ரிப்போர்ட் பாதியில் சாகக் கூடாது என்பது அதற்கு நேர் எதிர் அமைப்பு. ஒரே மெஷினில் எப்படி ஐயா இரண்டையும் வைப்பது?

ரிப்போர்ட்டுக்கென்று இரண்டாவது ஸ்டாண்ட்பை ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதில் மைனஸ் ஒன்று போடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் பின்தங்கட்டும், நான் வாயே திறக்க மாட்டேன். கோயம்புத்தூர் மெஷினைத் தொடாதீர்கள். அதற்கும் காசு இல்லையென்றால் ராத்திரி வண்டி வராத நேரத்தில் பிரைமரியிலேயே ஊர்வாரி, ரகவாரிச் சுருக்க டேபிள் ஒன்று போட்டு வைக்கலாம், அது தானாக ஸ்டாண்ட்பைக்கும் போய்விடும். மூன்று வருட மூட்டையை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எண்ண வேண்டாம். ஸ்டாண்ட்பையில் டெம்ப் டேபிள் போட முடியவில்லை, இண்டெக்ஸ் போட முடியவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். அது படிக்க மட்டும்தான் திறந்திருக்கிறது, நான் பூட்டி வைக்கவில்லை.

அப்புறம், ராத்திரி பதினொரு மணிக்குப் போன் போட்டு “சிஸ்டம் ஸ்லோ சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்களே, எந்தக் கிளை, எந்த ஸ்க்ரீன், எப்போதிலிருந்து? அதைச் சொல்லிவிட்டு வையுங்களேன் ஐயா!